காபி மேசையில் பதினாலு மைல்

என் காபிக் கடையில் ஜன்னலோரம் ஒரு நீள மேசை இருக்கிறது. என்றைக்காவது ஒருநாள் அதைக் கோடரியால் பிளந்து அடுப்பில் வைக்கப் போகிறேன். விடிந்ததும் ஊர் ஆண்கள் அங்கே வந்து உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு கோப்பைக் காபியை வைத்துக்கொண்டு பாதிக் காலையை ஓட்டுவார்கள். மழை, மாட்டு விலை, கோதுமை எல்லாம் பேசித் தீர்ந்த பிறகு வண்டிப் பேச்சு வரும். வெளியே வரிசையாக நிற்கும் பிக்கப் வண்டிகள் ஒவ்வொன்றும் ஒரு சின்ன வீடு அளவு இருக்கும். அவை குடிக்கிற பெட்ரோலைப் பற்றி உண்மை பேசிய வாயை அந்த மேசையில் நான் பார்த்ததே இல்லை.

"சும்மா போறப்ப கேலனுக்கு இருபத்திரண்டு மைல் குடுக்குது" என்பான் ஒருவன்.

"ட்ரெய்லர மாட்டினா?"

"பதினாலு. எதிர்க்காத்து அடிச்சாலும் பதினாலு."

"ட்ரூடி, காபி ரொம்பத் தண்ணியா இருக்கே" என்பான் இன்னொருவன் என்னைப் பார்த்து.

"நீங்க சொல்ற மைலேஜ விடக் கெட்டியாத்தான் இருக்கு, குடிங்க" என்பேன்.

கேட்கிறவன் மனதுக்குள் நாலைந்தைக் கழித்துக்கொள்வான். தன் முறை வரும்போது நாலைந்தைக் கூட்டிச் சொல்வான். அந்த மேசையில் அதுதான் மரியாதை. ஒருவன் புளுகை இன்னொருவன் உடைப்பதில்லை. அதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை, லவெட்டா ப்ரூயட் டெல்மருக்கு போன் போட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

லவெட்டாவும் நானும் ஒன்றாகப் படித்தவர்கள். படித்தோம் என்று சொல்வது எனக்குத்தான் பொருந்தும். அவள் உடம்பு வகுப்பில் இருக்கும், மனசு லாயத்தில் இருக்கும். மூன்று பீப்பாய்களைச் சுற்றிக் குதிரையை ஓட்டுகிற பந்தயத்தில் ஓக்லஹோமாவின் இந்த மேற்கு மூலையில் அவளை அடிக்க ஆள் கிடையாது. ஒருமுறை தோள் எலும்பு முறிந்து, கையைத் துணியில் தொட்டில் கட்டிக்கொண்டு, ஒற்றைக் கையால் கடிவாளம் பிடித்து ஓட்டி ஜெயித்தாள். பரிசாகக் கொடுத்த வெள்ளி பெல்ட்டுக் கொக்கியை அம்மாவிடம் கொடுத்துவிட்டுத்தான் அழுதாள்.

பிறகு ஹொய்ட் ப்ரூயட்டைக் கட்டிக்கொண்டாள். மாட்டுப் பண்ணை வருமானம் ஒரு வருஷம் வரும், ஒரு வருஷம் வராது. அதனால் பள்ளிப் பேருந்து ஓட்டப் போனாள். பனிப்புயலில் கூட ஒரு பிள்ளையை வீட்டு வாசல் வரை கொண்டுபோய் விடாமல் திரும்பியதில்லை. பேருந்தும் தன் சின்னக் காரும் அவள் ராஜ்ஜியம். பெரிய பிக்கப்பும் அதன் பின்னால் மாட்டுகிற ட்ரெய்லரும் ஹொய்ட்டின் ராஜ்ஜியம். ஒருவர் எல்லைக்குள் ஒருவர் மூக்கை நுழைக்க மாட்டார்கள். பிள்ளை இல்லை. மாபெல் என்ற செம்பழுப்புக் குதிரைதான் இருந்தது. தாய்க்குதிரை செத்துப்போனதால் லவெட்டா புட்டிப்பால் கொடுத்து வளர்த்தது அது.

டெல்மர் ஸ்டைன் ஹொய்ட்டின் உயிர்த்தோழன், இரண்டு பேரும் அந்த ஜன்னலோர மேசை ஆட்கள்தான். இரண்டு பேரும் ஒரே வாரத்தில், ஒரே கடையில், ஒரே மாதிரி வண்டி வாங்கினார்கள். நிறம்தான் வேறு. யார் வண்டி எங்கே வற்றி நின்றாலும் மற்றவன் பெட்ரோல் கேனோடு போய் நிற்பான். சிவப்புக் கேன்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே போய்வந்தபடி இருக்கும். எது யாருடையது என்று யாரும் கேட்டதில்லை. போன பிப்ரவரியில் ஹொய்ட் மாட்டுப் பட்டியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் டெல்மர் முன்னால் நின்றான். கல்லறையில் லவெட்டாவின் கையைப் பிடித்து, "எதுவா இருந்தாலும் எனக்கு ஒரு போன் போடு, லவெட்டா. ஹொய்ட்கிட்ட கேக்குற மாதிரி கேளு" என்றான். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாபெலுக்கு வயிற்று வலி கண்டது. குதிரை தன் விலாவைத் தானே திரும்பித் திரும்பிப் பார்க்கும், தரையைக் காலால் பறிக்கும். லவெட்டாவுக்குப் பார்த்த உடனே விளங்கிவிட்டது. உள்ளூர் மாட்டு வைத்தியர் வந்து, குடல் முறுக்கிக்கொண்டிருக்கிறது, அறுவைச் சிகிச்சைதான், நூற்றிருபது மைல் தள்ளி அமரில்லோவில் இருக்கிற குதிரை ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோ என்றார்.

"வழியில எங்கயும் நிறுத்தாத. வண்டி ஓடிட்டே இருந்தா நின்னுட்டே வருவா. நிறுத்தினா படுத்துருவா. படுத்துட்டா முறுக்கு இறுகிடும். அப்புறம் என்னால உத்தரவாதம் சொல்ல முடியாது."

ஹொய்ட்டின் பிக்கப்பில் பாதி டாங்கி பெட்ரோல் இருந்தது. பண்ணையிலிருந்து ஊருக்குள் வந்து நிரப்பிக்கொண்டு திரும்புவதென்றால் அமரில்லோவுக்கு நேர் எதிர்த் திசையில் போக வேண்டும். ஸ்டியரிங்குக்கு முன்னால் இருக்கிற சின்னத் திரை, இன்னும் இருநூற்றைம்பது மைல் ஓடலாம் என்று காட்டியது. லவெட்டா முட்டாள் இல்லை. ஹொய்ட் போன பிறகு வெறும் வண்டியைத்தான் ஓட்டியிருக்கிறாள், திரை அந்தக் கணக்கில்தான் சொல்கிறது, பின்னால் ட்ரெய்லரும் குதிரையும் ஏறினால் கதை வேறு என்று அவளுக்குத் தெரியும். எவ்வளவு வேறு என்பதுதான் தெரியாது. அதனால்தான் அதே வண்டி வைத்திருக்கிறவனைக் கேட்டாள்.

"டெல்மர், ட்ரெய்லர மாட்டினா இந்த வண்டி எவ்வளவு குடுக்கும்? பாதி டாங்கி இருக்கு. தெக்கத்திக் காத்து எதிர அடிக்குது. மாபெலுக்கு வயித்து முறுக்கு. நடுவுல நிறுத்தாம அமரில்லோ போய்ச் சேந்துருவேனா? வழியில டால்ஹார்ட்ல நிறுத்தி பெட்ரோல் போடணும்னா இப்பவே சொல்லிரு."

டெல்மர் கொஞ்சம் யோசித்தான். பிறகு சொன்னான்: "பதினாலு குடுக்கும். மிச்சமே இருக்கும். நீ போ."

"நெஜமா?"

"ஹொய்ட்டே சொல்லியிருக்கானே. போ, போ."

ஹொய்ட் சொல்லியிருந்தான்தான். சாப்பாட்டு மேசையில் அவளிடமே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். இரண்டு பேர் சொல்லும் ஒன்றாக இருந்தது. லவெட்டா கிளம்பிவிட்டாள்.

டால்ஹார்ட் வரும்போது பெட்ரோல் முள் கால் டாங்கிக்குக் கொஞ்சம் மேலே நின்றது. பதினாலு என்று போட்டுப் பார்த்தால் தாராளம். பெட்ரோல் பம்புகள் சாலையோரத்தில் வா வா என்று நின்றன. பின்பக்கக் கண்ணாடியில் பார்த்தாள், மாபெல் நின்றுகொண்டு வந்தது. நிறுத்தாமல் போய்விட்டாள்.

அதற்கப்புறம் முள் சரசரவென்று சரிந்தது. மஞ்சள் விளக்கு எரிந்தது. இரண்டு பக்கமும் புல்லும் கம்பி வேலியும்தான். ஒரு பம்பு கிடையாது, ஒரு வீடு கிடையாது. வேகத்தைக் குறைத்தாள், குளிர்காற்று எந்திரத்தை அணைத்தாள், "கொஞ்சம் பொறுத்துக்கோடா செல்லம்" என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே ஓட்டினாள். கனேடியன் ஆற்றுப் பள்ளத்தில் இறங்கி எதிர் மேட்டில் ஏறும்போது எந்திரம் இருமிக்கொண்டு நின்றுவிட்டது. இன்னும் கொஞ்ச தூரம்தான் அமரில்லோ.

பின்னால் தடால் என்று ஒரு சத்தம். மாபெல் படுத்துவிட்டது.

அவள் ட்ரெய்லருக்குள் புகுந்து, கழுத்துக் கயிற்றைப் பிடித்து இழுத்தாள், தட்டினாள், கத்தினாள், கெஞ்சினாள். குதிரை எழவில்லை. போனில் சிக்னல் கிடையாது. சாலைக்கு ஓடி வந்து, வருகிற வண்டியை மறிக்கலாம் என்று கையைத் தூக்கினாள். முதலில் வந்ததே டெல்மரின் வெள்ளை பிக்கப்.

ஒரு நொடி அவளுக்குத் தெய்வமே வந்த மாதிரி இருந்ததாம். டெல்மர் குதித்து இறங்கி, பின்னால் இருந்து இரண்டு சிவப்புக் கேன்களை எடுத்தான். இரண்டும் ததும்பத் ததும்ப நிறைந்திருந்தன. அவன் பாட்டுக்கு மூடியைத் திறந்து ஊற்ற ஆரம்பித்தான். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"டெல்மர், நான் யாருக்கும் போன் பண்ணலையே."

அவன் நிமிரவில்லை.

"நான் இங்க நிப்பேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"ஒரு சந்தேகத்துக்குத்தான்…"

"என்ன சந்தேகம்? பதினாலுன்னு சொன்னியே."

"காத்து ஜாஸ்தி, லவெட்டா."

"காத்து அடிக்குதுன்னு நான்தானே உங்கிட்ட சொன்னேன். எவ்வளவு குடுக்கும் இது? இப்பவாவது சொல்லு."

அவன் கேனைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு வரை ஊற்றினான். பிறகு முணுமுணுத்தான்: "ஒம்போது. இந்தக் காத்துல அதுகூட வராது."

"ஹொய்ட்டுக்குத் தெரியுமா?"

"அவன்தான் முதல்ல பதினாலுன்னு சொன்னான். அவன் சொன்னப்புறம் நான் எப்படிக் கொறச்சுச் சொல்ல? அவன் செத்தப்புறம் அவன் பொண்டாட்டிகிட்டப் போய், உன் புருஷன் புளுகினான்னு எப்படிச் சொல்ல?"

"அதனால கேன நிரப்பிட்டுப் பின்னாலயே வந்தியாக்கும். இதே கேன என் வாசலுக்குக் கொண்டு வந்திருக்கலாமே டெல்மர். பதினாலுதான், இருந்தாலும் இத ஊத்திக்கோன்னு சொல்லியிருந்தாக்கூட நான் ஒண்ணும் கேட்டிருக்க மாட்டேனே."

அவன் பழக்க தோஷத்தில் காலிக் கேன்களை அவள் வண்டியிலேயே போட்டான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள், உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தாள். குடல் செத்துவிட்டது, கொஞ்சம் முந்தி வந்திருந்தால் அறுத்துப் பார்த்திருக்கலாம் என்றாள். ஊசி போடும்போது மாபெலின் தலை லவெட்டாவின் மடியில் இருந்தது. டெல்மர் வெளியே தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவள் அவனைத் தாண்டிப் போனாள், திரும்பிப் பார்க்கவில்லை.

இதையெல்லாம் என் சமையலறையில் நின்றுகொண்டு அவள் சொன்னபோது, எனக்கு டெல்மரின் மண்டையில் காபிக் கெட்டிலைக் கவிழ்க்க வேண்டும் போலிருந்தது. அவளுக்குக் கோபம் அதையும் தாண்டிப் போயிருந்தது. "அவன விடு. இத்தன வருஷம் என் தட்டுக்கு எதிர உக்காந்து என்கிட்டயே பதினாலுன்னானே ஹொய்ட். எனக்கும் அந்த மேசைக் கணக்குத்தானா, ட்ரூடி? அவன எங்க போய்க் கேக்க?" என்றாள். நான் அவளைக் கட்டிக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

அந்த வாரக் கடைசியில், மேசை நிறைந்திருந்த நேரத்தில், கதவைத் தள்ளிக்கொண்டு லவெட்டா உள்ளே வந்தாள். இரண்டு கையிலும் அந்தச் சிவப்புக் கேன்கள். ஊருக்கே விஷயம் தெரியும்.

அவள் மேசைத் தலைமாட்டில் நின்றாள். "நான் ஒண்ணு கேக்கறேன். ட்ரெய்லர மாட்டினா உங்க வண்டிங்க எவ்வளவு குடுக்குது?"

ஆர்வில் என்ற கிழவர் தொண்டையைச் செருமினார். இருக்கிறவர்களிலேயே பெரிய புளுகர் அவர்தான். "எனக்கு எட்டரை, தாயி. நல்ல நாள்ல ஒம்போது" என்றார். அவருக்கு அடுத்தவன் மேசையைப் பார்த்துக்கொண்டே "ஒம்போது" என்றான். மூன்றாமவன் "பத்து" என்று சொல்லிவிட்டு, "ஒம்போதுன்னே வச்சுக்கோங்க" என்றான்.

நான்காவதாக டெல்மர். லவெட்டா அவனையே பார்த்தாள். நானும் கெட்டிலோடு நின்றுவிட்டேன். ஒம்போது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடடா, பாவி, அவள் உன்னை மன்னிக்கத்தான் வந்து நிற்கிறாள் என்று என் மனசு அடித்துக்கொண்டது. அவள் முகத்தில் அது எழுதி ஒட்டியிருந்தது.

டெல்மர் சுற்றி இருந்த ஆண்களைப் பார்த்தான். கோப்பையைப் பார்த்தான்.

"என் வண்டி பதினாலு குடுக்குது" என்றான்.

லவெட்டா தலையை ஆட்டினாள். கேன்களை அவன் காலடியில் வைத்துவிட்டு, எனக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து டெல்மர் ஒரு கேனைக் காலால் ஒதுக்கப் பார்த்தான். அது நகரவில்லை. இரண்டையும் கழுத்து வரை நிரப்பிக் கொண்டுவந்திருந்தாள்.