‘ஆர்’ போட்ட கல்லறைகள்

செய்தி வாட்ஸாப்பில் வந்தது. அனுப்பியவர் கிரேஸ் அக்காவின் தம்பி ஜெபராஜ் அண்ணன். தினமும் காலையில் பூ, சூரியன், வசனம் என்று படம் அனுப்புகிறவர். படிக்காமலே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவது என் வழக்கம். அன்றும் காட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் படமில்லை. அக்கா விடியற்காலையில் போய்விட்டார். அவசரமாகக் கட்டைவிரலை அழித்தேன். “நான் பாத்துட்டேன். நீ வா” என்று பதில் வந்தது. அக்கா உயிரோடு இருந்திருந்தால் இந்தக் கதையை ஆம்பூர் முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பார்.

ஷூ கம்பெனியில் அவரோடு இருந்தவர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. செக்கிங் மேசையில் உட்கார்ந்தால் ஒரு தையல் விலகியிருந்தாலும் சாக்பீஸால் ‘ஆர்’ போடுவார். ரிஜெக்ட். அந்த ஆரை அழிக்க எந்த மேனேஜருக்கும் துணிவு வந்ததில்லை. அவருடைய அறிக்கைகளைக் கம்ப்யூட்டரில் அடிப்பது என் வேலை. மீதி நேரம் வம்பு. “பாஸ்கரு, உன் வாய்க்கு ரெண்டு தையல் போட்டா கம்பெனிக்கு ஜாஸ்தி லாபம்ப்பா” என்பார்.

ஓய்வு பெற்றதும் நாங்களெல்லாம் தூங்கப் போனோம். கல்யாணம், குடும்பம் என்று எதிலும் சிக்காத அக்கா கல்லறைக்குப் போனார். மாதனூர் பக்கம், அவர்களுடைய வேர்க்கடலைக் கொல்லைக்கும் ரோட்டுக்கும் நடுவில் குடும்பக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. குறுக்கே ஓர் ஒற்றையடிப் பாதை. அதற்கு இடப்பக்கம் பெயர் வெட்டிய கல்லறைகள். வலப்பக்கம், ரோட்டோரமாக, முள்ளுக்குள் வெறும் கற்கள். கொல்லைக்குப் பின்னால் வீட்டுமனை போடுகிறவர் ஒருவர், மனைகளுக்கு வண்டிப்பாதை போட அந்த வலப்பக்கத்தை விலைக்குக் கேட்டார். ஜெபராஜ் அண்ணனுக்கும் கொடுத்துவிட ஆசை.

“அந்தப் பக்கம் இன்னா கீது? வெறும் கல்லு” என்றார்.

அக்கா சண்டை போடவில்லை. ஒரு நோட்டு வாங்கினார்.

மழையில் தேய்ந்த எழுத்தை அவர் படித்த விதம் எனக்கு இன்றும் ஆச்சரியம். முகம் பார்க்கும் கண்ணாடியை என்னிடம் கொடுத்து, காலை வெயிலைக் கல்லின் மேல் பக்கவாட்டில் விழச் செய்வார். இல்லாத எழுத்து நிழலோடு எழுந்து நிற்கும். “நேரா அடிச்சா ஒண்ணும் தெரியாது, சாய்ச்சு அடி. மனுசனும் அப்படித்தான். நேரா கேட்டா எவன் சொல்றான்?” என்பார். எழுத்தே இல்லாத கற்களுக்கு, சுற்றுப்பட்டு ஊர்களில் வயதானவர்களைத் தேடிப்போய், மருமகள் சமையலில் ஆரம்பித்து மெல்லச் சாய்த்து விசாரித்தார்.

நோட்டு நிறைந்ததும் என்னிடம் வந்தது. பாதைக்கு இடப்பக்கத்துக் கல்லறைகளுக்கு ‘எல்’, வலப்பக்கத்துக்கு ‘ஆர்’ என்று குறித்திருந்தார். வலது ஷூ, இடது ஷூ போல. ஆனால் நான் இருபது வருஷம் அடித்தது அவருடைய செக்கிங் அறிக்கைகளை அல்லவா? அக்கா கையெழுத்தில் ஆரைப் பார்த்ததும் விரல் தானாக ஓடியது. “சவரிமுத்து, ரிஜெக்ட். அவர் மனைவி மரியம்மாள், ரிஜெக்ட்.” வலப்பக்கம் முழுவதையும் ரிஜெக்ட் செய்து, அழகாகப் பிரிண்ட் எடுத்து, சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அனுப்பியும் வைத்தேன்.

ஜெபராஜ் அண்ணன் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டார். “உன் லிஸ்ட்டே சொல்லுதுக்கா. அந்தப் பக்கம் பூரா ரிஜெக்ட்டு. வித்துடலாம்.”

நான் பூமிக்குள் போய்விடலாமா என்று பார்த்தேன். நின்ற இடமும் அதற்குத் தோதான இடம்தான். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தம்பியின் கையைப் பிடித்து முள்ளுக்குள் கூட்டிப்போனார். செங்கல் அகலத்தில் ஒரு கல்.

“இது யாருடா?”

“எனக்கு இன்னா தெரியும்?”

“ரோஸி. உனக்கு மூத்தவ. பத்து நாள்தான் இருந்தா. கல்லறைத் திருநாளுக்கு அம்மா இங்க ஒரு மெழுகுவத்தி ஏத்துவாங்களே, யாருக்குன்னு ஒரு தடவையாவது கேட்டியா?”

அண்ணன் பாதைக்குப் போய்ச் செருப்பைக் கழற்றி விட்டுவிட்டுத் திரும்பி வந்தார். அடுத்த வாரம் மனைக்காரரிடம் முடியாது என்று சொன்னது அவர்தான்.

திருத்திய பட்டியலிலும் என் கைவரிசை இருந்தது. ஒரு கல்லுக்கு மட்டும் பெயர் கிடைக்கவில்லை. கட்டம் காலியாக இருந்தால் அசிங்கமாக இருக்கிறதே என்று ‘ஞானப்பிரகாசம்’ என்று அடித்துவிட்டேன். அக்கா ஒரே நொடியில் பிடித்தார்.

“யாருப்பா இந்த ஞானப்பிரகாசம்?”

“சும்மா ஒரு அழகுக்குக்கா.”

“செத்தவங்களுக்குப் பேர் வெக்க நீ யாரு? தெரியலன்னா தெரியலன்னு போடு. நாளைக்குத் தெரிஞ்சவன் எவனாச்சும் வருவான். நீ பொய்ய எழுதிட்டா அவன் கேக்காமலே போய்டுவான்.”

இப்போது பத்திரிகைகளுக்கு எழுதுகிற, கட்டுரைக்குக் கட்டுரை நடந்ததற்குக் கை, கால், மீசை ஒட்டிப் பிழைக்கிற எனக்கு அது எங்கே உறைத்தது என்று சொல்லத் தேவையில்லை.

அக்காவை வலப்பக்கத்தில்தான் புதைத்தோம். இடத்தைக் காட்டியது ஜெபராஜ் அண்ணன். மண் தள்ளி முடித்ததும் நோட்டை என்னிடம் நீட்டினார். பெயர் எழுதினேன். தகப்பன் பெயர் எழுதினேன். அடுத்த கட்டம், பிறந்த வருஷம்.

“அண்ணே, எந்த வருஷம்?”

“ஸ்கூல்ல ஒண்ணு, ஞானஸ்நான சர்டிபிகேட்ல ஒண்ணு. அக்கா வாயால சொன்ன வயசு அதவிட ரொம்பக் கம்மி. நீயே பாத்து ஒண்ணு போடு பாஸ்கரு.”

எந்த வருஷம் போட்டாலும் அங்கே யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரே ஒரு சொல். அதை அங்கேயே, அவர் பெயருக்கு நேராக எழுதினேன்: தெரியவில்லை.