தையல்காரர் பல் கட்டப் போகிறார்

கத்திரிக்கோலைத் தேடுவது வெட்டி வேலை என்பது தையல்காரரின் கொள்கை. காலமெல்லாம் நூலைக் கடித்தே அறுத்ததில் முன்பல் இரண்டும் போய்விட்டன. உள்ளூரில் கேட்கிற காசுக்கு வெளிநாட்டில் பல்லும் கட்டி ஊரும் சுற்றலாம் என்று தெரிந்ததிலிருந்து அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. அளவு கொடுக்க வந்தவர்களிடமெல்லாம் விமானத்தைப் பற்றியே பேசினார். பயணத்துக்கென்று தனக்கே ஒரு கோட்டும் தைத்தார்.

கடைசிப் பொத்தானைத் தைத்து முடித்த குஷியில் நூலைக் கடைவாய்க்குக் கொண்டுபோய் ஒரே கடி. மளுக்கென்றது.

மனைவி, பயணத்தோடு பல் வைத்தியத்துக்கும் சேர்த்தே ஏற்பாடு செய்யும் ஏஜெண்டோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். அவர் வாயைப் பொத்தியபடி போய் மூன்று விரலைக் காட்டினார். அவள் அவரையும் கோட்டையும் பார்த்தாள்.

"ரெண்டு பல்லு இல்லீங்க, மூணு," என்றாள் போனில். "இன்னும் பேன்ட் வேற தைக்கணும். எதுக்கும் நாலுன்னே சொல்லி வைங்க."