நல்லா இருக்கும் மனுஷனுக்கு நஷ்டஈடு

நஷ்டஈடு கேஸ் என்பது ஒப்பாரிக் கலை. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? பம்பாயில், மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு எதிரே வக்கீல் ஜெயராம் ஆபீஸில் குமாஸ்தா வேலை பார்த்துப் பார்த்து என் தலை நரைத்துவிட்டது. கார் மோதினவன், பஸ் உரசினவன், பைக் இடித்துத் தள்ளினவன், எல்லாரும் எங்களிடம்தான் வருவார்கள். கால் உடைந்தவர்களுக்கான ஆபீஸ் மூன்றாம் மாடியில், லிஃப்ட் இல்லாமல் இருக்கிறது. ஏறி வருகிறவன் படும் பாட்டைப் பார்த்தே கேஸின் கனம் என்ன என்று சொல்லிவிடுவேன். நகம் பெயர்ந்தவன் நாலு பேர் தாங்கிப் பிடிக்க வருவான். கோர்ட் வாசலை மிதித்ததும் அவனுக்கு இல்லாத வலியெல்லாம் வரும். அதில் தப்பும் இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனிக்காரன் எப்படியும் பாதியைத்தான் நம்புவான்.

இப்படிப்பட்ட தொழிலில், ஒருநாள் ஜெயினுலாப்தீன் பாய் படியேறி வந்தார். வலது காலை விறைப்பாகப் பக்கவாட்டில் வீசி வீசி ஏறியிருக்கிறார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. பின்னாலேயே அவர் மனைவி மதீனா பீவி, படிக்கட்டைக் கட்டினவனைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

"வாங்கோ பாய், எப்படி இருக்கேள்?" என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கேன்" என்றார், மூச்சிரைக்க.

அன்றைக்கு அது வெறும் மரியாதை என்று நினைத்தேன். அது வியாதி என்று பிறகுதான் தெரிந்தது.

பாய்க்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம் மேலப்பாளையம். தாராவியில் தோல் பை செய்யும் சின்னப் பட்டறை வைத்திருந்தார். தைப்பதற்கு ஆள் உண்டு. தோல் வெட்டுவது மட்டும் அவரேதான். தரையில் உட்கார்ந்து, வலது முழங்காலை மடக்கி, அதில் சாய்த்துவைத்த பலகையில் தோலை விரித்து, வளைந்த கத்தியால் வெட்டுவார். தாராவியில் பாதிப் பேர் அப்படித்தான் வெட்டுகிறார்கள். அவர் ஒரு தோலில் ஆறு பை எடுப்பார் என்றால், கூலிக்கு வருகிறவன் நான்கு எடுத்துவிட்டு மீதியைக் குப்பையில் போடுவான். லாபமே அந்த இரண்டு பைதான்.

ஒருநாள் விடியற்காலையில் சுபுஹு தொழுதுவிட்டுத் தொண்ணூறடி ரோட்டைக் கடக்கும்போது ஒரு கார் வந்து அடித்தது. அந்த நேரத்தில் ரோடு காலியாக இருக்கும். காலி ரோட்டைக் கண்டால் பம்பாயில் சில பிள்ளைகளுக்குப் பேய் பிடித்துவிடும். பாய் தூக்கியடிக்கப்பட்டு டிவைடர் ஓரமாக விழுந்தார். முட்டி நொறுங்கிவிட்டது. கார் நின்றது. அதை ஓட்டிய பையன் கண்ணாடியை இறக்கி, "சாச்சா, டீக் ஹோ?" என்று ஹிந்தியில் நலம் விசாரித்தான்.

ரோட்டில் கிடந்த பாய் என்ன சொன்னார் தெரியுமா? "அல்ஹம்துலில்லாஹ், டீக் ஹூன்."

பையன் போய்விட்டான். நல்லா இருக்கும் மனுஷனை வீணாக எதற்குத் தொந்தரவு செய்வது? எதிரே டீக்கடை போட்டிருக்கும் நயினார் கார் நம்பரைப் பார்த்து வைத்திருக்காவிட்டால் கேஸே கிடையாது.

ஆஸ்பத்திரியிலும் இதே கதைதான். வார்டைச் சுற்றி வரும் டாக்டர் தினமும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பார். இவர் நல்லா இருக்கேன் என்பார். பக்கத்துக் கட்டில்காரர்கள் அலறிய அலறலில் அவர்களுக்கு வலி ஊசி கிடைத்தது. இவருக்குக் கிடைத்தது டிஸ்சார்ஜ். வீட்டுக்கு வந்த பிறகு முட்டி மரக்கட்டையாக இறுகிப் போனது. மடங்கவே மடங்காது. தரையில் உட்கார முடியாது. வெட்டுவதற்குக் கூலி ஆள் வைத்தார். லாபம் குப்பைக்குப் போனது.

மேஜை உயரத்தில் ஒரு மெஷின் இருக்கிறதாம். நாற்காலியில் உட்கார்ந்தே தோல் வெட்டலாம். நஷ்டஈடு வந்தால் அதை வாங்கலாம். வராவிட்டால் பட்டறையை மூடிவிட்டு, வேறொருவர் பட்டறையில் காவலுக்கு உட்காரவேண்டியதுதான். அவ்வளவும் இந்தக் கேஸில் தொங்கிக்கொண்டிருந்தது. இதை எங்களுக்குச் சொன்னதும் பாய் இல்லை, மதீனா பீவிதான்.

மதீனா பீவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். புருஷன் முறையிடாததையெல்லாம் சேர்த்து வைத்து முறையிடுவதற்காகவே பிறந்தவள். தண்ணீர் வருவதில்லை, வந்தால் நாறுகிறது, மருமகன் போன் எடுப்பதில்லை, எடுத்தால் பேச்சை நிறுத்துவதில்லை, ரேஷன் அரிசியில் கல், கறிக்கடைக்காரன் எலும்பாகப் போடுகிறான். வாரத்துக்கு ஒருமுறையாவது எனக்குப் போன் செய்து கேஸ் என்னாச்சு என்று கேட்டுவிட்டு, நாட்டு நடப்பு முழுவதற்கும் என்னைப் பொறுப்பாக்கித் திட்டுவாள். பாயை விட்டுவிட்டு இவளை மோதியிருந்தால் கேஸ் எப்போதோ ஜெயித்திருக்கும் என்று ஜெயராம் ஒருமுறை சொன்னார். வாய் அவருக்கும் கொஞ்சம் நீளம்.

பாய் கூண்டில் ஏறும் நாள் நெருங்கியது. இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் தேன் தடவிய ஆசாமி. கூண்டில் இருப்பவரிடம் முதலில் நலம் விசாரிப்பார். "பாயைத் தயார் பண்றது உன் பொறுப்பு, பஞ்சு" என்று ஜெயராம் என் தலையில் கட்டினார்.

பாயை எதிரே உட்கார வைத்தேன். ஒத்திகைக்கு நான்தான் எதிர்க்கட்சி வக்கீல்.

"எப்படி இருக்கேள்?"

"அல்ஹம்துலில்லாஹ், நல்லா..."

"பாய்! முட்டி வலிக்கறதோன்னோ?"

"வலிக்கத்தான் செய்யுது."

"அதைச் சொல்லுங்கோளேன்."

"வலிக்குதான்னு கேட்டா வலிக்குதுன்னு சொல்லுதேன் சார். எப்படி இருக்கேன்னு கேட்டா வேற என்ன சொல்ல? மூச்சு ஓடுது, ரெண்டு கண்ணு தெரியுது. நல்லா இல்லேன்னு சொன்னா குடுத்தவன் முகத்துல வீசி எறிஞ்ச மாதிரில்லா ஆயிரும்?"

"குடுத்தவனை யாரும் ஒண்ணும் சொல்லலை. இடிச்சவனைத்தான் சொல்றோம்."

"எனக்கு அந்த வித்தியாசமெல்லாம் வாயில வரமாட்டேங்குது சார். சின்னதுலேர்ந்து பழகிட்டு."

மதீனா பீவி குறுக்கே புகுந்தாள். "விடுங்க சார். கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து நானும் பாக்கேன். உப்பில்லாத ஆணத்த வச்சாலும் நல்லா இருக்குன்னுதான் சொல்லுவாக. இவுக நாக்குக்கு வேற வார்த்த தெரியாது."

மூன்று நாள் மல்லுக்கட்டினேன். கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம்: எப்படி இருக்கிறீர்கள் என்று யார் கேட்டாலும் பாய் வாயை மூடிக்கொண்டு கையால் முட்டியைக் காட்ட வேண்டும். பாய் தலையாட்டினார். கோவில் மாடு கூட அப்படி நம்பிக்கையாக ஆட்டாது.

கோர்ட்டில் எல்லாம் ஹிந்தியில்தான் நடந்தது. இன்சூரன்ஸ் வக்கீல் எழுந்து, இடுப்பை வளைத்து, "சாச்சா, எப்படி இருக்கிறீர்கள்?" என்றார்.

பாயின் கை முட்டிக்குப் போனது. நான் பெருமாளை நினைத்துக்கொண்டேன். ஆனால் கைக்கு முன்னால் வாய் போய்விட்டது.

"அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கேன்."

"ரொம்பச் சந்தோஷம். குடும்பம் நடக்கிறதா?"

"படியளக்கிறவன் அளக்கிறான்."

"பட்டறை?"

"அவன் கிருபையில ஓடுது."

"வாழ்க்கையில் ஏதாவது குறை?"

"ஒரு குறையும் இல்ல."

வக்கீல் ஜட்ஜ் அம்மாவைப் பார்த்து ஒரு புன்னகை புரிந்தார். முட்டி மடங்காது என்று டாக்டர் சர்டிஃபிகேட் கொடுத்திருக்கிறார். முட்டிக்குச் சொந்தக்காரரோ ஒரு குறையும் இல்லை என்கிறார். யாரை நம்புவது என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். ஜெயராம் மறுபடியும் எழுந்து முட்டி மடங்குமா என்று கேட்டதற்கு, மடங்காது என்று பாய் ஒழுங்காகத்தான் சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா பரவாயில்ல சார், பழகிட்டு" என்றும் சேர்த்துக்கொண்டார். ஜெயராம் முகம் சுண்டிப்போயிற்று. வெளியே வந்ததும் பாய் அந்த இன்சூரன்ஸ் வக்கீலைப் பற்றி, "தங்கமான மனுஷன், எவ்வளவு பிரியமா விசாரிச்சாரு" என்றாரே, அப்போது அவருடைய இன்னொரு முட்டியையும் நானே உடைத்திருப்பேன்.

வேறு வழியில்லாமல் அடுத்த வாய்தாவில் மதீனா பீவியைக் கூண்டில் ஏற்றினோம். ஏறினாள், அவ்வளவுதான். கோர்ட் ஃபேன் சத்தம் போடுகிறது என்பதில் ஆரம்பித்து, ஆஸ்பத்திரி, போலீஸ், கூலிக்கு வெட்ட வந்தவன் பாழாக்கிய தோல் என்று வரிசையாக வெளுத்து வாங்கினாள். டைப் அடிக்கிறவர் கையை உதறிக்கொண்டார். ஜட்ஜ் அம்மா இரண்டு தடவை சிரிப்பை அடக்கினார். "கார் ஏத்துனவன்கிட்டயே நல்லா இருக்கேன்னு சொல்லி அனுப்பி வச்ச மனுஷன்மா இவுக" என்றபோது அவராலும் முடியவில்லை.

இன்சூரன்ஸ் வக்கீல் சிரிக்கவில்லை. மெதுவாக எழுந்தார். "உங்கள் கணவர் தொழுகையாளி. பொய் சொல்லமாட்டார், இல்லையா?"

"மாட்டாக."

"ஒரு குறையும் இல்லை என்று இதே கூண்டில் சத்தியம் செய்துவிட்டுச் சொன்னாரே. அது பொய்யா, உண்மையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்."

 பொய் என்றால் புருஷன் மானம் போகும். உண்மை என்றால் பட்டறை போகும். மதீனா பீவி பேச்சற்று நின்றதை நான் அன்றுதான் பார்த்தேன். பின் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த பாயை ஒருமுறை பார்த்தாள். அப்புறம் ஜட்ஜ் அம்மா பக்கம் திரும்பினாள்.

"பொய் இல்லம்மா. ஆனா அவுக சொன்னது உங்களுக்கு இல்ல, அல்லாவுக்குச் சொன்னது. எப்படி இருக்கேன்னு யாரு கேட்டாலும் அவுக அவனுக்குத்தான் பதில் சொல்லுவாக. உங்களுக்குச் சொல்ல வேண்டியத நான் சொல்லுதேன்."

குரல் இறங்கிவிட்டது.

"எங்க வீட்டுல கக்கூஸ் கிடையாது. பொதுக் கக்கூஸுலதான் போகணும். அங்க குத்த வச்சுத்தான் உக்காரணும். இவுகளுக்கு முட்டி மடங்காது. மொத நாள் உள்ள விழுந்துட்டாக. வெளிய நின்னவங்க கதவ ஒடச்சுத் தூக்குனாங்க. அதுக்குப் பொறவு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில நடுவுல ஓட்ட போட்டு, கீழ பக்கெட்ட வச்சிருக்கோம். தெரு முழிக்கிறதுக்கு முன்ன நான் எடுத்துட்டுப் போயி ஊத்திட்டு வாரேன். ஒண்ணு ரெண்டு நாள் இல்லம்மா, அன்னையிலேர்ந்து இன்னிக்குக் காலைல வரைக்கும். என் கூடப்பொறந்தவளுக்குக்கூட இது தெரியாது."

அவ்வளவு நாளாக வாரம் தவறாமல் என் காதைத் தின்றவள், ரேஷன் அரிசிக் கல்லைக் கூட விடாமல் சொன்னவள், இதை மட்டும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. கேஸ் கட்டால் முகத்தை மறைத்துக்கொண்டேன். பின் பெஞ்சில் பாய் தலையைக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்சூரன்ஸ் வக்கீல் வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்தார். அந்த மட்டுக்கு அவரும் மனுஷர்தான்.

தீர்ப்பு வருவதற்கு ஒரு மழைக்காலம் கழிந்தது. ஜெயித்தோம். இரண்டு பேரும் மறுபடி மூன்று மாடி ஏறி வந்தார்கள். ஜெயராம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தீர்ப்பைப் படித்துத் தமிழில் சொன்னார். வருமான இழப்புக்கு இவ்வளவு, வலிக்கு இவ்வளவு, வைத்தியத்துக்கு இவ்வளவு. மெஷின் வாங்கலாம், மிச்சமும் இருக்கும். கடைசியில் ஒரு சின்னத் தொகை.

"அது எதுக்கு சார்?" என்றார் பாய்.

"கூட இருந்து பாத்துண்டதுக்கு. உங்க ஆத்துக்காரி பண்ணின பணிவிடைக்குக் கோர்ட் போட்டிருக்கு. அவ சாட்சி சொன்னதாலதான் இது தனியா வந்திருக்கு."

"எம்புட்டு போட்டிருக்காங்க? இன்னொருக்காச் சொல்லுங்க."

ஜெயராம் சொன்னார்.  பாய் ஊன்றி வந்த கைத்தடியை மேஜை மேல் படீரென்று வைத்தார்.

"பத்தாது."

நானும் ஜெயராமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"என் காலுக்குப் போட்டதெல்லாம் சரி, அதுல நான் ஒண்ணும் சொல்லல. இது பத்தாது சார். பட்டறையப் பெருக்குறவங்களுக்கே நான் இதவிட ஜாஸ்தி குடுக்கேன். இவ அள்ளிக் கொட்டுனதுக்கு இம்புட்டுத்தானா? அத்தன பேரு முன்னாடி நின்னு அதச் சொன்னாளே, அதுக்கு என்ன போட்டிருக்காங்க? ஒண்ணுமில்ல. இது அநியாயம். மேல் கோர்ட்டுக்குப் போவணும்."

"பாய், நன்னாத்தானே வந்திருக்கு..." என்று ஜெயராம் இழுத்தார்.

"என்ன நன்னா வந்திருக்கு?" பாய் போட்ட சத்தத்தில் பக்கத்து ஆபீஸ்காரர் எட்டிப் பார்த்தார்.

மதீனா பீவி அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "சும்மா இருங்க. எனக்கு இது போதும். வாங்க, போவலாம்."

"நீ பேசாம இரு. உன்கிட்ட யாரு கேட்டா?" என்றார் பாய். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு விசும்பினாள்.

ஜெயராம் என்னைப் பார்த்தார். நான் அப்பீல் மனு எழுதக் காகிதம் எடுத்தேன்.