மாதா படத்துக்குப் போன மல்லிகை

நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். எழுத்து கோணலாக வரும், முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்லுவேன், பாதி மறந்தும் போயிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். இதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

கொரோனா இரண்டாவது தடவை வந்த வருஷம் என் மகளுக்கு நிறைமாதம். லேசான இருமல்தான். டெஸ்டில் கொரோனா என்று வந்ததும், அதுவரை மாதாமாதம் பார்த்த நர்சிங் ஹோம் கதவையே திறக்கவில்லை. டாக்டர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வேறு இடம் பாருங்கள் என்று வாசலில் நின்ற செக்யூரிட்டிதான் கன்னடத்தில் சொன்னார். வலி எடுத்தவளை ஆட்டோவில் வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றினோம். கடைசியில் ஒரு சர்க்கார் ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டு, ஆபரேஷன் செய்து பெண் குழந்தையை எடுத்தார்கள்.

குழந்தைக்கு நோய் இல்லை. துணியில் சுற்றி என் கையில் கொடுத்து, தாய்ப்பால் கூடாது, வீட்டுக்குக் கொண்டு போங்கள் என்றார்கள். ஏன் என்று கேட்பதற்குள் கதவு சாத்தியாகிவிட்டது. பெற்றவள் குழந்தையின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டில் பால்பவுடரைக் கரைத்து ஊட்டினோம். குடித்ததையெல்லாம் கக்கியது. அங்கே வார்டில் என் மகளுக்குப் பால் கட்டி, மார்பு கல்லாகி, காய்ச்சல். பிழிந்து பிழிந்து கொட்டுகிறேன் என்று போனில் அழுதாள். பிள்ளை இங்கே பட்டினி, பால் அங்கே சாக்கடையில். இது என்ன நியாயம்?

வீட்டுக்கு வந்தவளைப் பின்னறையில் வைத்துக் கதவைச் சாத்தினோம். அன்றைக்கே சம்பந்தியம்மா வாழையிலையில் மல்லிகைச் சரம் கொண்டுவந்தார். மார்பில் மல்லிகை வைத்துக் கட்டினால் பால் வற்றிவிடும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கெட்டவர் இல்லை, பயம். ஆனால் லாக்டவுனில் பால்பவுடர் டப்பாவுக்கு மருமகன் கடை கடையாக அலைந்தபோது, இந்தப் பூ மட்டும் எப்படிக் கிடைத்ததோ.

கதவுக்குப் பின்னாலிருந்து என் மகள் பேசினாள்.

"டிஸ்சார்ஜ் பண்ண டாக்டரம்மா, மாஸ்க் போட்டு, கை கழுவிட்டு பால் குடுக்கலாமே, யாரு வேணாம்னதுன்னு கேக்கறாங்கம்மா. மொத நாளே குடுத்திருக்கலாமாம்."

சம்பந்தியம்மா விடவில்லை.

"ஒருத்தர் வேணாம்றாங்க, ஒருத்தர் குடுன்றாங்க. புள்ளைக்கு ஏதாச்சும் ஆனா நீங்க பதில் சொல்லுவீங்களா?"

நான் நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள். சரத்தை எடுத்து மாதா படத்துக்குப் போட்டேன்.

"பூவ மாதாவுக்குப் போட்டுட்டேன். புள்ளைய உள்ள எடுத்துனு போறேன். கொஞ்சம் நவுருங்க சம்பந்தியம்மா."

அவ்வளவுதான் பேசினேன்.

பாட்டிலுக்குப் பழகிய குழந்தை மார்பில் வாய் வைக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு வீரிட்டது. பாலும் பாதி வற்றியிருந்தது. மாஸ்க் நனைய நனைய அவள் விடாமல் முயன்றாள். ஒரு மத்தியானம் அழுகை நின்றது. வெளியே நின்ற சம்பந்தியம்மா, "குடிக்குதா?" என்று மெல்லக் கேட்டார். ஆமாம் என்றதும் அடுப்படிக்குப் போய், பால் ஊறட்டும் என்று பூண்டு உரிக்க உட்கார்ந்துவிட்டார்.

குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. ஒரு குறையும் இல்லை. என் ஆத்திரம்தான் அடங்கவில்லை.

தாய்ப்பால் கூடாது என்று சொன்னது டாக்டரா, நர்சா, ஆயாவா என்று எனக்கு நிச்சயமில்லை. எல்லாரும் முகம் தெரியாமல் கவச உடையில் உடம்பை மூடியிருந்தார்கள். மகள் ஒன்று சொல்கிறாள், மருமகன் ஒன்று சொல்கிறார். அந்த நாளில் அப்படி ஒரு உத்தரவு இருந்ததா, இல்லை வாய்க்கு வந்ததைச் சொன்னார்களா? விவரம் தெரிந்தவர்கள் யாராவது இதைச் சரிபார்த்துச் சொல்லுங்கள். நான் தப்பாக எழுதியிருந்தால் திருத்திக்கொள்கிறேன்.