காலி லாரி குனியாது

தொண்ணூறுகளில் ஒரு மத்தியானம். பஸ் பழுதாகிச் சமயநல்லூரில் நின்ற என்னை, மதுரைக்குத் திரும்பிய லாரிக்காரர் ஒருவர் ஏற்றிக்கொண்டார். நெடிய மனிதர், நரைத்த மீசை, தோளில் ஈரத்துண்டு. வண்டிக்குப் பின்னால் கூரை போட்ட உயரமான தகரப் பெட்டி. காலையில் அதில் கொண்டுவந்த சிமெண்ட் மூட்டைகளை இறக்கிவிட்டாராம்.

ரயில் பாலத்துக்கு முன்னால் நிறுத்தினார்.

"சார், இறங்கி மேல இடிக்குதான்னு பாருங்க."

"காலையில லோடோட இதுக்குள்ளதானேண்ணே வந்தீங்க? இப்பக் காலி வண்டிதானே?"

"காலியா இருந்தாத்தான் சார் பயம். அம்புட்டுக் கனத்துக்கும் ஸ்பிரிங் அமுங்கி, வண்டி குனிஞ்சு வந்துச்சு. இறக்கிட்டோம்ல, நிமிந்துருச்சு. போன வருசம் வேற ஒரு பாலத்துல இது தெரியாம மேக்கூரையைக் கிழிச்சுப்புட்டேன்."

இறங்கிப் பார்த்தேன். இரண்டு விரல் இடைவெளி இருந்தது. பின்னால் ஹார்ன்கள் அலற, "வாங்க, வாங்க" என்று கையசைத்தேன். அவர் ஸ்டியரிங்கோடு ஒட்டிக் குனிந்தபடியே ஊர்ந்து வந்தார். உரசவில்லை.

ஏறி உட்கார்ந்ததும் கேட்டேன். "கேபினுக்குள்ள நீங்க எதுக்குண்ணே குனிஞ்சீங்க?"

"வண்டி குனிய மாட்டேங்குதே சார். நானாவது குனிய வேணாமா?"

இன்றும் அந்தப் பாலத்தடியில் பஸ் நுழைந்தால் என் தலை தானாகத் தாழ்கிறது. ஒருமுறை பக்கத்துச் சீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, ஏதோ கோயில் என்று அவசரமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.