லூப்பே அக்காவிடம் ‘முடியாது’ என்றவள்

எங்கள் டோங்கா தீவுகளில் அத்தையின் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. நல்ல பாய் அவருக்கு, பன்றிக்குட்டியில் நல்ல கறி அவருக்கு, தம்பி பிள்ளைக்குப் பெயர் வைக்கும் உரிமையும் அவருக்கு. என் அக்கா லூப்பே இதில் இம்மியளவும் விட்டுக்கொடுக்காதவர்.

என் மகள் குறைமாதத்தில் பிறந்தாள். நுரையீரலில் கிருமி. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒவ்வொரு மூச்சுக்கும் போராடிக்கொண்டிருந்தாள். பெயர் வைக்க அக்கா தன் தீவிலிருந்து கப்பலேறி வந்தார், தும்மிக்கொண்டே. வந்த வேகத்தில் பெட்டியைத் திறந்து, எங்கள் வழக்கப்படி பிள்ளையின் கன்னத்தில் மூக்கைப் பதிக்கக் குனிந்தார்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

குறுக்கே வந்து நின்றவள் நர்ஸ் கலோலைன். குள்ளமானவள். நின்றுகொண்டே ஆறிப்போன கிழங்கைத் தின்றுவிட்டு வேலைக்கு ஓடுகிறவள். குழாயில் பால் இறங்கும்வரை சுருதி சேராத குரலில் பிள்ளைக்குப் பாடுகிறவள்.

“தொடாதீங்கம்மா. உங்களுக்குச் சளி.”

“நான் யாருன்னு தெரியுமாடி? இவளோட அத்தை!”

“ராணியாவே இருங்க. இந்தச் சளி தொத்துனா புள்ள தாங்காது. முடியாது, வெளிய போங்க.”

அக்கா வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கலோலைன் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. தினமும் வேலை முடிந்ததும் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவாள்.

“உங்க மருமக இன்னைக்கு என் விரலைப் புடிச்சுட்டா. விடவே மாட்டேங்கிறா. யாரோட பிடிவாதமோ!”

அக்கா முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு கேட்கத் தொடங்கினார். கடைசியில் கலோலைன் வரும் வழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் பிழைத்தாள்! குழாயெல்லாம் எடுத்து, தானாக மூச்சுவிட்டு, வார்டே அதிர அழுதாள். அந்த அழுகையைப் போல இனிய சத்தத்தை நான் கேட்டதில்லை. அந்த நர்சுகளை என் ஆயுள் உள்ளவரை கும்பிடுவேன்.

சளி போன அக்கா, அம்மா நெய்த மெல்லிய பாயை, எங்கள் ஊரில் பெரிய மரியாதைக்கு மட்டுமே கொடுக்கும் பாயை, கொண்டுவந்து கலோலைனின் காலடியில் விரித்தார். அவள் பதறினாள்.

“ஐயோ, வேண்டாம்மா...”

“என்கிட்ட ஒரு தடவை மறுத்துப் பேசிட்டே. இன்னொரு தடவை பேசினா தெரியும் சேதி!” என்று அதட்டினார் அக்கா. கண்ணில் நீர் வழிந்தது. பிள்ளையை வாங்கி, கன்னத்தில் மூக்கைப் பதித்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: “இவ பேரு கலோலைன்.”

தன் பெயரையே வைப்பார் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

இன்று எங்கள் குடும்பத்தில் லூப்பே அக்காவிடம் முகத்துக்கு நேரே ‘முடியாது’ என்று சொல்ல ஒருத்திக்குத்தான் துணிச்சல். வயது நாலு.