சாமி வந்ததாக நினைத்தேன்

எங்கள் திருத்தணியில் ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்க, என் அக்காள் கணவர் ஒருவேளைச் சாப்பாட்டோடு விரதம் இருந்தார். பாவா என்றுதான் கூப்பிடுவேன். "பீடி குடிச்சா பசியே தெரியல மச்சான்" என்பார். நானே கட்டுக்கட்டாக வாங்கிக் கொடுத்தேன்.

மலைப்படியில் பாதி ஏறியதும் அவர் உடம்பு நடுங்கியது, மூச்சு இரைத்தது. "சாமி வந்துடுச்சி, வழி விடுங்க!" என்று கத்தினேன். கூட வந்த பம்பை மேளக்காரர்கள் வேகமாக அடித்தார்கள். திருநீறு பூசி, "வாக்கு சொல்லு சாமி" என்று குனிந்தேன்.

"சாமி இல்ல மச்சான். மூச்சு முட்டுது."

அதுதான் அவர் கடைசிப் பேச்சு; அந்தப் படியிலேயே உயிர் பிரிந்தது. பீடிப் புகையில் நுரையீரல் வெகுநாளாகவே கெட்டிருந்ததாம்; டாக்டர் சொன்னார்.

இப்போது கிருத்திகைதோறும் அந்தப் படியில் நிற்கிறேன். யார் சாமி ஆடினாலும் பம்பையை நிறுத்தச் சொல்லி, மூச்சு வருகிறதா என்று முதலில் கேட்கிறேன்.

"அன்னிக்கி சாமி இன்னா வாக்கு சொல்லிச்சி?" என்று அக்காள் இன்னும் கேட்கிறாள். மூச்சு முட்டுது என்று அவர் சொன்னதை அவளிடம் இன்னும் மறைத்தே வைத்திருக்கிறேன்.